அமெரிக்க அரசமைப்பைத் தமிழில் எழுதும்போது: அயல்நாட்டுச் செய்திப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

தமிழ் நாளேடுகளிலும் தொலைக்காட்சிகளிலும் இணையச் செய்தித் தளங்களிலும் அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழாக்கி வெளியிடும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். எந்த ஒரு நிறுவனத்தையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. நான் சொல்லப்போகும் பிழைகள் அனைவரிடமும் இருக்கின்றன; சில காலம் முன்புவரை என்னிடமும் இருந்தன.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். சனிக்கிழமை காலைகளில், எங்கள் ஊர் நூலகத்தின் சிறிய அறை ஒன்றில், அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழ் முதியவர்களுக்கு இந்நாட்டு அரசமைப்பைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 55 வயதைக் கடந்து, நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள், அந்தத் தேர்வைத் தாய்மொழியிலேயே மொழிபெயர்ப்பாளரின் துணையோடு சந்திக்கலாம். என் வகுப்புக்கு வருவோர் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள். காலைக் காப்பியோடு அவர்கள் வாசிப்பது உங்கள் செய்திகளைத்தான். ஆகவே நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர்களுக்கு அமெரிக்க அரசியலைப் பற்றி ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கிறது. என் ஒரு மணி நேரத்தில் பாதி, அதைத் திருத்துவதில் கழிகிறது.

சென்ற ஆண்டு ஒருவர், கணினி மொழிபெயர்ப்பில் எடுத்த வினாவிடைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அரசின் ஒரு பிரிவு அளவுமீறிய அதிகாரம் பெறாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு அதில் அச்சாகியிருந்த விடை, "காசோலைகளும் இருப்புகளும்". ஒன்றையொன்று தடுத்துச் சமன்செய்யும் ஏற்பாட்டைக் குறிக்கும் "செக்ஸ் அண்ட் பேலன்சஸ்" என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை அது. கொண்டுவந்தவர் பொதுத்துறை வங்கி ஒன்றில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அதில் எந்தப் பிழையும் அவருக்குத் தெரியவில்லை. "சரிதானே சார்? எங்கள் கிளையில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று என்னிடம். தனியாக எவரும் திறக்க முடியாது. அதைத்தானே சொல்கிறார்கள்?" என்றார். அதைத்தான் சொல்கிறார்கள். தவறான சொல்லிலிருந்து சரியான பொருளுக்கு அவர் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டார். அன்றுமுதல் எங்கள் வகுப்பில் அந்தக் கோட்பாட்டுக்குப் பெயர் "இரண்டு சாவி". ஆனால் எல்லாத் தவறான சொற்களும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை.

என் முறையீடு ஒன்றுதான். நீங்கள் கையாளும் சொற்களில் பலவும் இந்திய நாடாளுமன்ற ஆட்சிமுறைக்குள் பிறந்து வளர்ந்தவை. அவற்றை அமெரிக்கச் செய்திக்குள் நட்டதும், வாசகரின் மனத்தில் டெல்லியும் சென்னைக் கோட்டையும் எழுந்து நிற்கின்றன, வாஷிங்டன் மறைந்துவிடுகிறது. 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் எதைத் தவிர்க்க வேண்டும் என்று நான்கு மாதம் வாதாடினார்களோ, அதையே அவர்களின் ஏற்பாடாக நம் வாசகர் புரிந்துகொள்கிறார்.

முதலில் "நாடாளுமன்றம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது நாட்டை ஆளும் மன்றம். இந்தியாவுக்கு இது மிகப் பொருத்தமான பெயர், ஏனெனில் மக்களவையில் பெரும்பான்மை பெற்றவர்களே அமைச்சரவையாகி நாட்டை ஆள்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நாட்டை ஆள்வதில்லை. அது சட்டம் இயற்றும், வரி விதிக்கும், பணம் ஒதுக்கும், போரை அறிவிக்கும் உரிமை அதனுடையது. ஆட்சிப் பொறுப்பு தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட வேறொருவரிடம் இருக்கிறது. அவர் அந்த மன்றத்தின் உறுப்பினர் அல்லர். அதன் நம்பிக்கையால் பதவிக்கு வந்தவரும் அல்லர். அரசமைப்பின் முதல் பிரிவு காங்கிரசைப் பற்றியது, இரண்டாவது அதிபரைப் பற்றியது, மூன்றாவது நீதிமன்றங்களைப் பற்றியது. மூன்றுக்கும் தனித்தனியே அதிகாரம் வழங்கித்தான் ஒவ்வொரு பிரிவும் தொடங்குகிறது. "காங்கிரஸ்" என்று எழுதினால் நம் வாசகருக்குக் கட்சி நினைவுக்கு வந்துவிடும் என்ற உங்கள் இடர்ப்பாடு எனக்குப் புரிகிறது. "அமெரிக்கக் காங்கிரஸ்" என்றோ, "சட்டமன்றம்" என்றோ எழுதலாமே. "அமெரிக்க நாடாளுமன்றம்" என்று வகுப்பறைப் பலகையில் இரண்டு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, எனக்கு மிகுந்த தொல்லை தரும் சொல்லுக்கு வருகிறேன்: ஆங்கிலத்தின் "இம்பீச்மென்ட்" என்பதற்கு நாம் எழுதும் "பதவி நீக்கம்". 2019 டிசம்பர் 18 அன்று, காங்கிரசின் இரண்டு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபை, அதிபர் டிரம்ப்மீது குற்றம் சாட்ட வாக்களித்தது. மறுநாள் தமிழில் நான் கண்ட தலைப்புகள் சிலவற்றில் "டிரம்ப் பதவி நீக்கம்" என்றிருந்தது. ஊரிலிருந்து என் அத்தை தொலைபேசியில் அழைத்து, "அப்ப இனிமே யாருப்பா அதிபர்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பதவி நீக்கம் என்றால் பதவி போய்விட்டது என்றுதானே பொருள்? உண்மையில் அன்று நடந்தது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது போன்ற ஒரு செயல். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டும், மற்றோர் அவையான செனட் விசாரிக்கும், அவைக்கு வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால்தான் பதவி போகும். விசாரிக்கப்படுபவர் அதிபர் என்றால், தலைமை நீதிபதி வந்து அந்த விசாரணைக்குத் தலைமை தாங்க வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், பில் கிளின்டன் 1998இலும், டொனால்ட் டிரம்ப் 2019இலும் 2021இலும் குற்றம் சாட்டப்பட்டார்கள். இன்றுவரை எந்த அதிபரும் அந்த வழியில் பதவி இழந்ததில்லை. அப்படிப் பதவி இழந்ததாகப் பலரும் எண்ணும் ரிச்சர்ட் நிக்சன், பிரதிநிதிகள் சபை வாக்களிக்கும் முன்பே, 1974 ஆகஸ்டில் தாமாக விலகினார்.

2021இல் இந்தச் சொல் இன்னும் வேடிக்கையான இடத்துக்கு வந்தது. சபை குற்றம் சாட்டியது ஜனவரி 13இல். அதிபரின் பதவிக்காலம் முடிந்தது ஜனவரி 20இல். செனட் வாக்களித்தது பிப்ரவரி 13இல். பதவியிலேயே இல்லாத ஒருவரின் "பதவி நீக்கத் தீர்மானம் தோல்வி" என்று நாம் எழுதினோம். குற்றம் உறுதியானால் இனி எந்தப் பதவிக்கும் வர முடியாதபடி தனி வாக்கெடுப்பால் தடைவிதிக்கச் செனட்டுக்கு உரிமை உண்டு என்பதும், அந்த விசாரணைக்கு அப்போது எஞ்சியிருந்த நோக்கம் அதுதான் என்பதும் அந்தத் தலைப்புக்குள் நுழையவே வழியில்லை. குற்றவாளி என்றவர்கள் 57 பேர், இல்லை என்றவர்கள் 43 பேர். பெரும்பான்மை இருந்தும் தீர்மானம் எப்படித் தோற்றது என்று வகுப்பில் கேட்டார்கள்; தேவைப்பட்டது 67.

இதில் ஒரு சொல்லின் பிழையைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அ.தி.மு.க. ஆதரவைத் திரும்பப் பெற்றதால் வந்த வாக்கெடுப்பு அது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1868 மே மாதத்தில் அமெரிக்கச் செனட்டில் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் பிழைத்தார்: 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள், தேவை 36. இந்த இரண்டு வாக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வாஜ்பாய் எந்தக் குற்றமும் செய்ததாக எவரும் நிறுவ வேண்டியிருக்கவில்லை; அவையின் நம்பிக்கையை இழந்தார் என்பதே போதுமானதாக இருந்தது. ஜான்சனிடம் காங்கிரசில் பெரும்பான்மையினருக்கு நம்பிக்கை என்பதே கிடையாது. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை அவர் நீக்கியது சட்டமீறல் என்று சொல்லித்தான் அவர்மேல் குற்றம் சாட்ட முடிந்தது. தேசத்துரோகம், கையூட்டு, அல்லது அவற்றை ஒத்த பெருங்குற்றம், முறைகேடு என்று அரசமைப்பு வரம்பு கட்டியிருக்கிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே அந்த நாட்டில் இல்லை. "பதவி நீக்கம்" என்று நாம் எழுதும்போது, வாசகர் தமக்குத் தெரிந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார். எத்தனை எம்.பி. எந்தப் பக்கம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். "அதிபர்மீது பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டு", "செனட் விசாரணை" என்று இரண்டு படிகளையும் பிரித்து எழுதினால் தலைப்பில் இரண்டு சொல் கூடும். அவ்வளவுதான்.

இதே குழப்பத்தின் உடன்பிறப்பு "அரசு முடக்கம்". 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள்கள் பல துறைகளுக்கு ஒதுக்கீடு இல்லாமல் போனபோது, விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் ஊழியர்கள் சம்பளமின்றி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வகுப்பில் ஒருவர், "பட்ஜெட் தோற்றால் அரசு ராஜினாமா செய்ய வேண்டுமே, இவர் ஏன் இன்னும் போகவில்லை?" என்றார். இந்தியாவில் அவர் சொல்வது சரி. அங்கே பணம் மறுக்கப்பட்டால் ஆளும் அரசு விழும், அலுவலகங்கள் திறந்திருக்கும். இங்கே அலுவலகங்கள் மூடும். அதிபர் அசையமாட்டார், காங்கிரசும் அசையாது. சட்டப்படி ஒதுக்காத ஒரு டாலரையும் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஒரு சாவி வராவிட்டால் பெட்டகம் திறக்காது என்றார் எங்கள் காசாளர். தமிழில் "அரசு" என்ற ஒரே சொல் ஆள்பவர்களையும் குறிக்கிறது, அலுவலகங்களையும் குறிக்கிறது. "அரசு அலுவலகங்கள் முடக்கம்" என்று நீங்கள் எழுதிய நாள்களில் இந்தக் கேள்வியே வரவில்லை.

அமைச்சர், ஆளுநர் ஆகிய இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் துறைத் தலைவர்களைச் சிலர் "அமைச்சர்" என்கிறீர்கள், சிலர் "செயலாளர்" என்கிறீர்கள். செயலாளர் என்றால் நம் வாசகருக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி, அமைச்சர் என்றால் அவையில் எழுந்து பதில் சொல்பவர். இரண்டும் இங்கே பொருந்தாது. இந்தியாவில் அமைச்சரானவர் அவை உறுப்பினராக இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். அமெரிக்காவிலோ, உறுப்பினராக இருக்கும்வரை அந்தப் பதவியை ஏற்கவே முடியாது. ஹிலாரி கிளின்டன் 2009இலும் மார்கோ ரூபியோ 2025இலும் செனட்டிலிருந்து விலகிய பிறகுதான் வெளியுறவுத் துறைக்கு வந்தார்கள். "அமைச்சர்" என்றே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர் காங்கிரஸ் உறுப்பினர் அல்லர் என்று ஒரு வரி சேருங்கள். ஆளுநர் விஷயம் இதைவிடக் கடினம். "டெக்சஸ் ஆளுநர் அதிபரின் கோரிக்கையை ஏற்க மறுத்தார்" என்று படித்தவுடன், மேலிடத்தால் நியமிக்கப்பட்டவர் மேலிடத்தையே எதிர்க்கிறாரே என்று தமிழ்நாட்டு வாசகர் வியக்கிறார். ராஜ்பவன் சண்டைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். "மாநில ஆட்சித் தலைவர்" என்று நான் வகுப்பில் சொல்லிவருகிறேன். மாவட்ட ஆட்சித் தலைவர் நினைவுக்கு வருகிறார் என்று ஒருவர் அதற்கும் மறுப்புத் தெரிவித்திருக்கிறார். இன்னும் நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

"மத்திய அரசு" என்பதைப் பற்றி உங்களிடம் நான் வாதிடத் தேவையில்லை என்றே எண்ணுகிறேன். 2021இல் தமிழ்நாட்டில் "ஒன்றிய அரசு" என்று எழுதுவதா, "மத்திய அரசு" என்று எழுதுவதா என்று எவ்வளவு மை செலவழித்தோம்! ஒரு சொல்லுக்குள் அதிகாரப் பங்கீடு பற்றிய ஒரு கொள்கையே அடங்கியிருக்கிறது என்பதைத் தமிழ் இதழாளர்களைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. அப்படியிருக்க, இந்தியாவைவிடவும் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் உள்ள அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் எந்தத் தயக்கமும் இல்லாமல் "அமெரிக்க மத்திய அரசு" என்கிறோம்? அங்கே காங்கிரசின் அதிகாரங்கள் எண்ணி எழுதப்பட்டவை. எழுதப்படாத மிச்சம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு என்று 1791இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தம் சொல்கிறது. இந்தியாவில் அந்த மிச்சம் ஒன்றியத்துக்குப் போகிறது. இந்திய நாடாளுமன்றம் ஆந்திரத்தைப் பிரித்துத் தெலங்கானாவை 2014இல் உருவாக்கியபோது ஆந்திரச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள்ளிருந்து இன்னொரு மாநிலத்தை, அந்த மாநிலச் சட்டமன்றம் இசையாமல் உருவாக்கவே முடியாது. "கூட்டாட்சி அரசு" என்ற சொல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

அதிபரைத் தேர்ந்தெடுக்கும் குழுவை "தேர்தல் கல்லூரி" என்பது பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்த ஓர் அம்மையார், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டார். எந்த ஊரிலும் இல்லை. அது ஒரே இடத்தில் கூடுவதுகூட இல்லை. டிசம்பரில் அந்தந்த மாநிலத்தில் தனித்தனியே கூடி வாக்களித்துவிட்டுக் கலைந்துவிடும். காலேஜ் என்பதற்கு லத்தீனில் குழாம் என்ற பொருள்தான் முதலில் இருந்தது. அரசமைப்பில் அந்தத் தொடரே கிடையாது. "வாக்காளர்கள்" என்று மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். "வாக்காளர் குழு" என்று நம்மில் சிலர் எழுதுவது மிகச் சரி. 435 பிரதிநிதிகள், 100 செனட்டர்கள், 1961இன் 23ஆவது திருத்தத்தால் தலைநகருக்குக் கிடைத்த 3 எனக் கூட்டினால் 538 என்பதையும், வெற்றிக்கு 270 வேண்டும் என்பதையும், 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்றார் என்பதையும் நீங்களே தேர்தல்தோறும் நன்றாக விளக்குகிறீர்கள். கல்லூரியை மட்டும் மூடிவிடுங்கள்.

"அவசரச் சட்டம்" சிரிக்கும்படியான பிழை அன்று. அதிபர் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டதும், "அவசரச் சட்டம் பிறப்பித்தார்" என்று எழுதும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நமக்கு அவசரச் சட்டம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் அமர்ந்திருந்தபோது, ஜல்லிக்கட்டுக்காக அப்படி ஒன்றை ஆளுநர் பிறப்பித்தார். அவை கூடாத வேளையில் பிறப்பிக்கப்படும் அது, நடைமுறையில் இருக்கும்வரை முழுச் சட்டம். பிறகு அவை அதை ஏற்க வேண்டும், இல்லையேல் அது காலாவதியாகும். அமெரிக்க அதிபருக்கு அந்த அதிகாரம் அறவே இல்லை. அவருடைய ஆணை, அவருக்குக் கீழுள்ள அலுவலர்களுக்கு இடும் கட்டளை. அரசமைப்போ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ கொடுத்த அதிகாரத்தின்மேல்தான் அது நிற்க முடியும். 1952இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எஃகு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நெருங்கியதால், அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்து நடத்த ஆணையிட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. சட்டம் இயற்றுவது காங்கிரசின் வேலை, போர்க்காலமானாலும் அது அதிபரின் வேலையாகிவிடாது என்பது நீதிபதி பிளாக் எழுதிய தீர்ப்பின் சாரம். ஆலைகள் உரிமையாளர்களிடம் திரும்பின. ஒவ்வொரு ஆணையையும் "சட்டம்" என்று எழுதும்போது, மறுவாரம் ஏதோ ஒரு மாவட்ட நீதிபதி அதை நிறுத்திவைத்த செய்தியை வாசகர் எப்படிப் புரிந்துகொள்வார்? நீதிபதி அத்துமீறிவிட்டார் என்றுதான் எண்ணுவார். என் வகுப்பில் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

நீதிமன்றங்களைப் பற்றியும் ஒன்று. சட்டம் அரசமைப்புக்கு முரணானதா என்று நீதிமன்றம் ஆராய்வதை நீங்கள் "சீராய்வு" என்கிறீர்கள். கொடுத்த தீர்ப்பை மீண்டும் பார்க்கும்படி கேட்பதும் நம்மிடம் "சீராய்வு மனு". அதனால் வாசகர் பின்னதையே நினைக்கிறார். "சட்டத்தின் செல்லுந்தன்மையை ஆராயும் அதிகாரம்" என்று நீட்டியே எழுதிவிடலாம். இந்திய அரசமைப்பின் 13ஆவது உறுப்பு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்க அரசமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை. 1803இல் ஒரு வழக்கிலிருந்து அது பிறந்தது. வில்லியம் மார்பரி என்பவருக்கு சமாதான நீதிபதியாக நியமன ஆணை கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்து, கொண்டுபோய்க் கொடுக்கப்படாமல் மேசையிலேயே தங்கிவிட்டது. அடுத்து வந்த ஆட்சி அதைக் கொடுக்க மறுத்தது. கொடுத்தனுப்பத் தவறியவர் அன்றைய வெளியுறவுத் துறைத் தலைவர் ஜான் மார்ஷல். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது தலைமை நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பெழுதியவரும் அதே மார்ஷல்தான்! மார்பரிக்கு ஆணை பெறும் உரிமை உண்டு, ஆனால் இந்த வழக்கை நேரடியாக இங்கே தொடுக்க இடம்தரும் 1789ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார். மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. நீதிமன்றத்துக்கு அதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது.

இப்போது, நான் இந்த மடலை எழுத முக்கியக் காரணமாக இருந்த இரண்டு தொடர்களுக்கு வருகிறேன். முதலாவது "உரிமைகள் மசோதா". 1791 டிசம்பர் 15இல் நிறைவேறிய முதல் பத்துத் திருத்தங்களின் தொகுப்புக்கு இந்தப் பெயரை இட்டால், அது இன்னும் அவையில் நிலுவையில் கிடப்பதாகத் தோன்றாதா? "உரிமைப் பட்டயம்" என்பதே தகும். அதன் முதல் திருத்தம், மக்களுக்குப் பேச்சுரிமை "வழங்கப்படுகிறது" என்று சொல்லவில்லை. பேச்சுரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று சொல்கிறது. உரிமை ஏற்கெனவே இருக்கிறது என்பதும், அரசுக்குத்தான் விலங்கு என்பதும் அந்த வாக்கிய அமைப்பிலேயே இருக்கின்றன. "அமெரிக்க அரசமைப்பு பேச்சுரிமை வழங்குகிறது" என்று நாம் எழுதும் வரியில் அந்த விலங்கு கழன்றுவிடுகிறது.

இரண்டாவது, ஐந்தாம் திருத்தத்திலும் 1868இன் பதினான்காம் திருத்தத்திலும் வரும் "உரிய சட்ட நெறிமுறை". அதை நம் செய்திகளில் "சட்டப்படியான நடவடிக்கை" என்றோ, "சட்ட நடைமுறை" என்றோ சுருக்கிவிடுகிறோம். "உரிய" என்ற சிறு சொல் உதிர்ந்துபோகிறது. அந்தச் சொல் உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. இந்திய அரசமைப்பு உருவானபோது முதல் வரைவில் அமெரிக்கத் தொடரே இருந்தது. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தத் தொடரை வைத்துக்கொண்டு, ரொட்டித் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டிய நியூயார்க் சட்டத்தை 1905இல் செல்லாததாக்கியது போன்ற தீர்ப்புகள் அமெரிக்காவில் வந்திருந்த காலம் அது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளின் கையை நீதிபதிகள் கட்டிப்போட அது இடம்தரும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். இந்தியாவின் 21ஆவது உறுப்பு "சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை" என்று மாறியது. 1950இல், சென்னை மாகாணத்தில் தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அவரை அடைத்து வைத்திருப்பது நியாயந்தானா என்று ஆராயப் பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் சொன்ன நெறிமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவு போதும் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி அதில் மாறுபட்டார். நெறிமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றமே சொல்ல 1978இன் மேனகா காந்தி வழக்குவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு கடத்தலுக்கு எதிராக ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடும் செய்தியை இன்று எழுதும்போது, அவர் கேட்பது ஏதோ ஒரு சட்டத்தின்படி நடத்துங்கள் என்பதை அன்று. தம் தரப்பைச் சொல்ல உரிய முன்னறிவிப்பும் வாய்ப்பும் தாருங்கள் என்பதை. தயவுசெய்து அந்த "உரிய" என்பதை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் நடக்கக்கூடியதே என்பதற்கு உங்கள் வழக்கத்திலிருந்தே சான்று தருகிறேன். ஆங்கிலத்தில் இந்தியத் தலைவருக்கும் அமெரிக்கத் தலைவருக்கும் பதவிப் பெயர் ஒன்றுதான். உங்களுக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் ஒருவரைக் "குடியரசுத் தலைவர்" என்றும் மற்றவரை "அதிபர்" என்றும் பிரித்தெழுதினார்கள். அமைச்சரவை சொல்வதன்படி நடப்பவர் ஒருவர், தாமே ஆள்பவர் மற்றவர் என்ற வேறுபாடு வாசகருக்கு எந்த விளக்கமும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வகுப்பில் அமரும் ஐயா ஒருவர் மட்டும், அவர்கள் ஊரில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைவர் என்பதால், ஒவ்வொரு முறையும் மெல்லச் சிரிப்பார்.

எல்லாவற்றையும் தனித்தமிழில் ஆக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செனட்டைச் செனட் என்றே எழுதலாம். மாநிலத்துக்கு இருவர், ஆறாண்டுக் காலம் என்று தனித்தன்மை உள்ள ஓர் அவைக்கு அதன் பெயரே நல்லது. மசோதாவை அதிபர் மறுக்கும் உரிமையான வீட்டோவும் அப்படித்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கள் வகுப்பில் வீட்டோ பாடம். அங்கே எனக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது. மசோதா தம்மிடம் வந்த நாளிலிருந்து, ஞாயிறுகள் நீங்கலாகப் பத்து நாளுக்குள் அதிபர் கையெழுத்திட வேண்டும், அல்லது மறுப்புக் காரணத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த மறுப்பைக் கடந்துவிடலாம். அவர் எதுவுமே செய்யாமல் வைத்திருந்தால், காங்கிரஸ் கூட்டத்தொடரில் இருக்கும்வரை, பத்து நாள் முடிந்ததும் கையெழுத்தில்லாமலேயே அது சட்டமாகிவிடும். காங்கிரஸ் கலைந்து போய்விட்டிருந்தால் மட்டுமே மசோதா மடியும். அதற்குத்தான் சட்டைப்பை வீட்டோ என்று பெயர். தமிழ்நாட்டு மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்டதைப் பற்றிய வழக்குகளின்போது, நம் விவாதங்களில் பலரும் இந்தப் பெயரையே எடுத்தாண்டதால், என் வகுப்பினர் இரண்டையும் ஒன்றென்றே கருதுகிறார்கள். காலவரம்பில்லாமல் கிடப்பில் போடுவது ஒன்று. காலவரம்பு முடியும் வேளையில் அவை இல்லாததால் மடிவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு ஏற்ற ஒரு தமிழ்ச் சொல் உங்கள் மேசைகளில் யாரிடமாவது இருந்தால், வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள். நாங்கள் பத்து மணிக்குத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்